மூன்று பேரரசுகள் எழுந்ததும் தேய்ந்ததும்

(சமுதாயக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம்முடைய கூட்டங்களில் வரலாறு பேசப்படும்போது இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று பெருமைக் குரல். "நாம் ஆண்டோம், ஐரோப்பா நடுங்கியது, தாஜ்மஹால் எழுந்தது" என்கிற குரல். மற்றொன்று புலம்பல் குரல். "சதி செய்தார்கள், துரோகம் செய்தார்கள், பிடுங்கிக் கொண்டார்கள்" என்கிற குரல். எழுந்ததற்குக் காரணம் நம் வீரம், விழுந்ததற்குக் காரணம் அடுத்தவன் சூழ்ச்சி! இப்படிச் சொல்லிக்கொண்டால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் பாடம் எதுவும் கிடைக்காது.

இன்று மூன்று பேரரசுகளைப் பற்றிப் பேசப் போகிறேன். துருக்கியில் உஸ்மானியர், ஈரானில் ஸஃபவிகள், இந்தியாவில் முகலாயர். பெருமையும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். இவர்கள் தங்கள் தவறுகளைத் தாங்களே திருத்திக்கொண்ட காலம் எது? திருத்திக்கொள்ள முடியாமல் போன காலம் எது?

1526: ஒரே ஆண்டு, இரண்டு வெற்றிகள்

1526ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பானிப்பட்டில் பாபர், இப்ராஹீம் லோதியின் பெரும்படையைத் தோற்கடித்தார். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 29ஆம் நாள், ஐரோப்பாவில் மொஹாக்ஸ் என்ற இடத்தில் சுல்தான் சுலைமான் ஹங்கேரி மன்னரை வென்றார். இரண்டு களங்களுக்கும் இடையே பல்லாயிரம் மைல் தூரம். ஆனால் இரண்டு வெற்றிகளுக்கும் ஓர் உறவு உண்டு. பீரங்கிகளை வண்டிகளோடு வண்டியாகப் பிணைத்து அரண் அமைக்கும் முறையை, "ரூமிகளின் முறை", அதாவது உஸ்மானியர் முறை என்றுதான் பாபர் கையாண்டார். அவருடைய பீரங்கிப் படைத் தலைவர்களில் ஒருவர் பெயரே முஸ்தஃபா ரூமி. இவ்விரண்டு நாடுகளுக்கும் நடுவே ஈரானில் அப்போது ஷா தஹ்மாஸ்ப் என்ற 12 வயதுச் சிறுவர் அரியணையில் இருந்தார். அவர் 1576 வரை, 52 ஆண்டுகள் ஆட்சி செய்தார்.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹங்கேரியிலிருந்து வங்காளம் வரை இந்த மூன்று அரசுகளின் கொடிகள் பறந்தன.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பாபர் வென்ற இப்ராஹீம் லோதி யார்? முஸ்லிம் சுல்தான். 1516லும் 1517லும் ஸலீம் வென்று கெய்ரோவைக் கைப்பற்றினாரே, அந்த மம்லூக்குகள் யார்? முஸ்லிம்கள். 1514இல் சால்திரானில் உஸ்மானியரின் பீரங்கிகள் சிதறடித்தது ஷா இஸ்மாயீலின் குதிரைப்படையை. ஆகவே இது ஒரு மதத்துக்கும் இன்னொரு மதத்துக்கும் நடந்த போரின் கதை அல்ல, அரசுகளின் கதை. அரசுகளுக்குரிய நியாயங்களும் அநியாயங்களும் அங்கே நிறைந்திருந்தன. அப்படிப் பார்த்தால்தான் நமக்குத் தெளிவு பிறக்கும்.

வாள் மட்டுமா காரணம்?

1453இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது. வென்ற சுல்தான் முஹம்மதுக்கு வயது 21. அந்தக் கோட்டைச் சுவரை உடைத்த பெரும் பீரங்கியை வார்த்தவர் யார் தெரியுமா? ஊர்பான் என்ற ஹங்கேரியர். அவர் முதலில் போனது கான்ஸ்டான்டிநோபிளின் சக்கரவர்த்தியிடம். அங்கே கொடுக்கப் பணம் இல்லை. சுல்தானிடம் வந்தார். சுல்தான் அவருடைய மதத்தையோ ஊரையோ கேட்கவில்லை; "இந்தச் சுவரை உடைக்கிற பீரங்கி வார்க்க முடியுமா?" என்பதுதான் கேள்வி. திறமை எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்கிற அந்த மனம்தான் முதல் படி.

சினான் என்ற கட்டடக் கலைஞரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இஸ்தான்பூலின் சுலைமானிய்யா பள்ளிவாசலையும் எதிர்னேயின் ஸலீமிய்யா பள்ளிவாசலையும் எழுப்பியவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவர்களைத் திரட்டும் முறையின் வழியாக அரசுப் பணிக்கு வந்தவர். அந்த முறையில் சிறுவர்கள் குடும்பங்களிலிருந்து கட்டாயமாகப் பிரித்து எடுக்கப்பட்டார்கள். பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது கொடுமை. அதை மூடி மறைக்க நான் வரவில்லை. ஆனால் அப்படி வந்த ஒருவர் பிறப்பின் பலத்தால் அல்லாமல் தன் திறமையால் தலைமை அமைச்சர் பதவி வரை உயர முடிந்தது. அக்கால ஐரோப்பாவில் பிரபுவின் மகனுக்குத்தான் அந்த வாய்ப்பு.

இரண்டாவது படி, கணக்கு. உஸ்மானிய அதிகாரிகள் கிராமம் கிராமமாகப் போனார்கள். குடும்பத் தலைவர் யார், என்ன விளைகிறது, எவ்வளவு வரி என்று பதிவேடு எழுதினார்கள். அந்தப் பதிவேடுகளில் ஏராளமானவை இன்றும் இஸ்தான்பூல் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குதிரைவீரனுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு கிராமத்தின் வரி வருவாய் ஒதுக்கப்பட்டது. நிலம் அவனுக்குச் சொந்தமல்ல. போருக்கு வராவிட்டால் ஒதுக்கீடு பறிபோகும்.

இந்தியாவுக்கு வாருங்கள். ஹுமாயூனை 1540இல் நாட்டைவிட்டே துரத்தியவர் ஷேர்ஷா சூரி. ஐந்தே ஆண்டுகள் ஆண்டார். வெள்ளி ரூபாயை நிலைப்படுத்தினார், நிலத்தை அளந்தார், சாலைகள் போட்டார். பின்னால் வந்த அக்பர் என்ன செய்தார்? தன் தந்தையைத் துரத்தியவரின் ஏற்பாடுகள் என்று அவற்றை ஒதுக்கவில்லை, எடுத்து வளர்த்தார். ராஜா தோடர்மால் என்ற இந்து நிர்வாகி வருவாய்த் துறையைச் சீரமைத்தார். பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் கொண்டு சராசரி கண்டு, 1580இல் வரி நிர்ணயம் செய்யப்பட்டது.

மன்சப்தார் என்றால் படைத்தகுதி பெற்ற அதிகாரி. ஐந்நூறு குதிரைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, நூறு குதிரையை மட்டும் வைத்திருந்து, பார்வையிடும் நாளில் பக்கத்து ஊர்க் குதிரையைக் கடன் வாங்கி நிறுத்துவது அன்றும் இருந்த தந்திரம்தான்! அக்பர் என்ன செய்தார்? ஒவ்வொரு குதிரைக்கும் சூடு போட வைத்தார். ஒவ்வொரு வீரனின் அங்க அடையாளத்தையும் ஏட்டில் எழுத வைத்தார். ஏமாற்ற நினைப்பவன் எப்போதும் இருப்பான். அவனைப் பிடிக்கிற ஏடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஈரானில் ஷா அப்பாஸ் 1587இல் பட்டத்துக்கு வந்தபோது வயது 16. ஒரு பக்கம் உஸ்மானியர், மறுபக்கம் உஸ்பெக்கியர். வீட்டுக்குள்ளே ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் குலத் தலைவர்கள். அவர் குலத் தலைவர்களை மட்டும் நம்பியிராமல், ஜார்ஜியர், ஆர்மீனியர், சர்க்காசியர் ஆகியோரிலிருந்து புதிய படையும் அதிகாரிகளும் உருவாக்கினார். 1598இல் இஸ்ஃபஹானைத் தலைநகராக்கினார். ஆர்மீனிய வணிகர்களை, அவர்கள் சொந்த ஊரைவிட்டுப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றினார். பட்டு வணிகம் அவர்கள் கையில் செழித்தது. 1622இல் ஆங்கிலக் கம்பெனியின் கப்பல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஹோர்முஸ் தீவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து மீட்டார்.

ஆக, மூன்று இடத்திலும் ஒரே கதை. திறமைக்குக் கதவு திறந்திருந்தது. கணக்குக் கேட்க ஆள் இருந்தது. தோல்வி வந்தால் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

இப்னு கல்தூன் சொன்ன வயது

நம் வரலாற்று மேதை இப்னு கல்தூன், மனிதனுக்கு வயது இருப்பதுபோல் ஆட்சிக்கும் வயது உண்டு என்று 1377இலேயே எழுதி வைத்தார். உழைத்து எழுப்புகிறவர்கள் ஒரு தலைமுறை, பார்த்து வளர்கிறவர்கள் ஒரு தலைமுறை, கேட்டு மட்டும் தெரிந்தவர்கள் ஒரு தலைமுறை. தலைமுறைக்கு 40 ஆண்டு வீதம் 120 ஆண்டு என்பது அவர் கணக்கு.

ஆனால் நம் மூன்று பேரரசுகளும் அந்தக் கணக்கைத் தாண்டி வாழ்ந்தன. ஸஃபவிகள் 1501 முதல் 1722 வரை 221 ஆண்டுகள். முகலாயர், பெயரளவில் இருந்த காலத்தையும் சேர்த்து, 1526 முதல் 1857 வரை. உஸ்மானியர் 600 ஆண்டுகளுக்கு மேல்! எப்படி?

இடையிடையே செத்துப் பிழைத்தார்கள் என்பதுதான் விடை. 1402இல் அங்காராவில் தைமூர், சுல்தான் பாயஸீதைச் சிறைப்பிடித்தார். அத்தோடு உஸ்மானியர் கதை முடிந்தது என்றே உலகம் நினைத்தது. 51 ஆண்டில் அவர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தார்கள். 1571இல் லெபாண்டோ கடற்போரில் உஸ்மானியக் கப்பற்படை அழிந்தது. ஓராண்டுக்குள் புதிய கப்பற்படை கடலில் மிதந்தது. 1656இல் கருவூலம் காலியாகித் தலைநகரில் கலகம் மூண்டபோது, கொப்ருலு முஹம்மது பாஷா என்ற முதியவரை அழைத்தார்கள். "என் நிர்வாகத்தில் யாரும் குறுக்கிடக் கூடாது" என்ற நிபந்தனையோடு அவர் பதவி ஏற்றார். அவரும் அவர் குடும்பத்தாரும் அரசை மீண்டும் நிமிர்த்தினார்கள். ஆகவே, "சுலைமான் இறந்த 1566இலிருந்தே ஒரே சரிவு" என்ற பழைய பாடத்தை இன்றைய வரலாற்றறிஞர்கள் ஏற்பதில்லை. சரிவும் உண்டு, மீட்சியும் உண்டு. மீள்கிற ஆற்றல் எப்படிக் குறைந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மூடப்பட்ட அரண்மனைக் கதவு

தொடக்க காலத்தில் உஸ்மானிய இளவரசர்கள் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே வரி, வழக்கு, படை எல்லாவற்றையும் கையாண்டு பழகினார்கள். ஆனால் அரியணைக்காக உடன்பிறந்தவர்களைக் கொல்லும் கொடிய வழக்கமும் கூடவே இருந்தது. 1595இல் மூன்றாம் முஹம்மது பட்டத்துக்கு வந்த அன்று, அவருடைய 19 சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள். இந்தக் கொடுமையை நிறுத்த வேண்டும் என்று நினைத்தது சரி. ஆனால் அதற்குக் கண்ட வழி, இளவரசர்களை அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைப்பது. 1687இல் சுல்தானான இரண்டாம் சுலைமான் அதற்கு முன் சுமார் 40 ஆண்டுகளை அப்படி அடைபட்டே கழித்தவர். உலகத்தைப் பார்க்காதவரிடம் உலகத்தை ஆளும் பொறுப்பு!

ஷா அப்பாஸும் இதே தவறைச் செய்தார். சந்தேகத்தால் மூத்த மகனைக் கொல்ல வைத்தார். வேறு இரு மகன்களின் கண்களைப் பறித்தார். பேரப்பிள்ளைகள் அந்தப்புரத்துக்குள் வளர்ந்தார்கள். நாட்டையே நிமிர்த்தியவர், நாட்டை நடத்தத் தகுதியான வாரிசை மட்டும் விட்டுவைக்கவில்லை.

விளைவு என்ன? கடைசியாக வந்தவர் ஷா சுல்தான் ஹுஸைன். மென்மையான மனிதர், ஆனால் எதையும் தானாக முடிவு செய்யத் தெரியாதவர். அவர் காலத்தில் சுன்னிகளும் சூஃபிகளும் பிற சமயத்தவரும் நெருக்கப்பட்டார்கள். கந்தஹாரின் ஆப்கானியத் தலைவர் மீர் வைஸ், இஸ்ஃபஹானுக்கு வந்து தங்கி அரசவையின் பலவீனத்தை நேரில் பார்த்தார். திரும்பிப் போய் 1709இல் கிளர்ந்தார். அவர் மகன் மஹ்மூத், 1722இல் இஸ்ஃபஹானை முற்றுகையிட்டார். ஏழு மாதம். உலகத்தின் அழகிய நகரம் என்று பேரெடுத்த ஊரில் மக்கள் பசியால் மடிந்தார்கள். ஷா தானே வெளியே வந்து முடியை ஒப்படைத்தார். அந்த நகரத்தை வீழ்த்தியது ஒரு பெரிய வல்லரசு அல்ல. தன் குடிமக்களிலேயே ஒரு பிரிவு, நீதி கிடைக்காமல் எதிரியாகிப் போன பிரிவு.

டெல்லியில் நிலைமை வேறு வகை. ஒளரங்கசீப் 1707இல் இறந்தபின் அரசரை உருவாக்குபவர்கள் பிரபுக்களாகிவிட்டார்கள். 1719ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அரியணையில் நான்கு பேர் அமர்ந்தார்கள்! பட்டம் சூட்டியவனே மறுநாள் பட்டத்தைப் பறித்தான். 1739இல் ஈரானிலிருந்து நாதிர்ஷா வந்து டெல்லியைச் சூறையாடி மயிலாசனத்தை எடுத்துப் போனபோது, உள்ளே ஏற்கெனவே உளுத்துப்போன மரத்தைத்தான் அவர் வெட்டினார்.

விதைநெல்லை அவித்துத் தின்றவர்கள்

"சுகபோகத்தில் மூழ்கினார்கள், அழிந்தார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பது நமக்குப் பழக்கம். அது எளிதான விடை. முழு விடை அல்ல. ஒளரங்கசீப் எளிமையாக வாழ்ந்தவர். அவர் காலத்தில்தானே பேரரசின் நெருக்கடி முற்றியது? ஆகவே கருவூலத்தைப் பார்ப்போம்.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகமெங்கும் வெள்ளி பெருகியது, விலைவாசி ஏறியது. போரின் முறையும் மாறியது. குதிரைவீரனைவிடத் துப்பாக்கி ஏந்திய காலாட்படை தேவைப்பட்டது. அதற்குக் கையில் ரொக்கம் வேண்டும். அனடோலியாவில் 1590களில் கடும் வறட்சி. உஸ்மானிய அரசு என்ன செய்தது? 1585, 86 வாக்கில் வெள்ளி நாணயத்தின் மதிப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. சம்பளம் வாங்கிய படைவீரன் கடைக்குப் போனான், காசு செல்லவில்லை. 1589இல் படையினர் கலகம் செய்து, நாணய ஏற்பாட்டுக்குப் பொறுப்பானவர்களின் தலையைக் கேட்டார்கள். கொடுக்கப்பட்டது. அன்று படை ஒரு பாடம் கற்றுக்கொண்டது: கூச்சல் போட்டால் கிடைக்கும்!

ஜானிஸாரி என்ற அந்தப் படையினர் 1567இல் சுமார் 13 ஆயிரம் பேர். 1609இல் 37 ஆயிரத்துக்கும் மேல். எண்ணிக்கை வளர்ந்தது; பயிற்சி வளரவில்லை. பெயர் படைப்பட்டியலில், ஆள் கடைத்தெருவில் என்ற நிலை பின்னர் பரவியது. வேலியே பயிரை மேய்ந்தது.

பணம் போதாதபோது, வரி வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். முதலில் சில ஆண்டுக் குத்தகை. 1695இல் ஆயுள் குத்தகை வந்தது. பெரிய தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டால், வாழ்நாள் முழுவதும் அந்த வருவாய் அவருக்கு. அரசுக்கு அன்றைய செலவுக்குக் காசு கிடைத்தது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டு வருவாய் கைவிட்டுப் போனது. விதைநெல்லை அவித்துத் தின்கிற குடும்பம் இந்த மாதம் பசியாறும். அடுத்த பருவத்தில் என்ன செய்யும்?

முகலாய அரசின் நோயும் இதற்கு உறவுதான். மன்சப்தாருக்கு ஜாகிர், அதாவது ஒரு பகுதியின் வரி வருவாய், ஒதுக்கப்படும். சில ஆண்டில் மாற்றிவிடுவார்கள். யாரும் ஓரிடத்தில் வேர்விடக் கூடாது என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் "நாளை இந்த ஊர் என்னிடம் இருக்காது" என்று தெரிந்தவன் என்ன செய்வான்? இன்றே கறந்துவிடுவான். ஏரி வெட்டமாட்டான், கிணறு தோண்டமாட்டான். உழவன் நிலத்தைவிட்டு ஓடினான்.

1681இல் ஒளரங்கசீப் தக்காணத்துக்கு வந்தார். 1686இல் பீஜப்பூர், 1687இல் கோல்கொண்டா. இரண்டும் முஸ்லிம் அரசுகளே. பேரரசின் வரைபடம் அதன் மிகப் பெரிய அளவை எட்டியது. ஆனால் வென்ற நாட்டின் பிரபுக்களையெல்லாம் சேர்த்துக்கொண்டபோது, கொடுக்க ஜாகிர் இல்லை. காகிதத்தில் பதவி உண்டு, வருவாய்க்கு ஊர் இல்லை. நம் செஞ்சிக் கோட்டையை நினைத்துப் பாருங்கள். அங்கே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க, தளபதி சுல்ஃபிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தார். கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். எட்டு ஆண்டுச் செலவு, ஒரு காலிக் கோட்டை! டெல்லிக்குத் திரும்பாமலே 88 வயதில் அஹ்மத்நகரில் ஒளரங்கசீப் கண் மூடினார்.

காணாமல் விட்ட கண்கள்

1577இல் இஸ்தான்பூலில் தகியுத்தீன் என்ற அறிஞர் ஒரு வானியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதே காலத்தில் டென்மார்க்கில் டைக்கோ பிராஹே அமைத்ததற்கு இணையான கருவிகள் அங்கே இருந்தன. 1580இல், அரண்மனைக் குழுச் சண்டைகளுக்கு நடுவில், அது இடித்துத் தள்ளப்பட்டது. டைக்கோவின் குறிப்புகளை வைத்துக் கெப்ளர் கோள்களின் விதிகளைக் கண்டார். தகியுத்தீனின் குறிப்புகளைத் தொடர ஒரு கெப்ளர் அங்கே வரவில்லை. அறிவு என்பது ஒருவர் எரித்து வைத்த விளக்கு அல்ல; கைமாற்றிக் கொண்டே போக வேண்டிய விளக்கு.

அச்சுக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்தான்பூலில் யூதர்களின் அச்சகம் 1493இலேயே இயங்கியது. நம் தமிழில் கூட 1578இல் கொல்லத்தில் ஒரு நூல் அச்சாகிவிட்டது. உஸ்மானியத் துருக்கி மொழியில் இப்ராஹீம் முத்தஃபர்ரிகா தன் முதல் நூலை வெளியிட்டது 1729இல்! "உலமாக்கள் தடுத்தார்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1727இல் ஷைகுல் இஸ்லாம் அச்சகத்துக்கு ஆதரவாக ஃபத்வா கொடுத்தார் என்பதும் வரலாறு. மார்க்கம் குறுக்கே நிற்கவில்லை. வாங்குவோரும் வாசிப்போரும் குறைவு, ஆதரிக்க அரசுக்கு அக்கறை குறைவு. அவர் 17 நூல்களை வெளியிட்டார். அவருக்குப்பின் அச்சகம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. "தடுத்தார்கள்" என்று யாரையாவது காட்டுவதைவிட, "நாம் தேடிப் போகவில்லை" என்று ஒப்புக்கொள்வது கடினம். ஆனால் அதுதான் உண்மைக்கு நெருக்கம்.

கடலும் அப்படியே. உஸ்மானியருக்குக் கப்பற்படை இருந்தது. மலபாரில் குஞ்ஞாலி மரைக்காயர்கள் போர்த்துக்கீசியரைக் கடலில் எதிர்த்து நின்றார்கள். நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். ஆனால் லட்சக்கணக்கில் குதிரைப்படை வைத்திருந்த முகலாயருக்கு, ஹாஜிகளைக் காக்க ஆழ்கடலில் ஒரு படை இல்லை. ஹஜ்ஜுக்குப் போகிற கப்பல் போர்த்துக்கீசியரின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். 1695இல் மக்கா யாத்திரிகர்களோடு சூரத்துக்குத் திரும்பிய கஞ்ச்-இ-ஸவாய் என்ற மாபெரும் கப்பலை ஆங்கிலக் கடற்கொள்ளையர் பிடித்துச் சூறையாடினார்கள். உலகத்தின் பெரும் செல்வந்தரான பேரரசர் என்ன செய்ய முடிந்தது? அடுத்த பயணத்துக்குக் காவலாக ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களையே நம்ப வேண்டியதாயிற்று.

சொன்னவர்கள் இல்லையா?

இருந்தார்கள்! கோச்சி பே என்பவர் 1630 வாக்கில் சுல்தான் நான்காம் முராதிடம், பதவிகள் தகுதியில்லாதவர்க்குப் போவதை எழுதிக் கொடுத்தார். காத்திப் செலபி என்ற பேரறிஞர் 1650களில், வரவுக்கும் செலவுக்கும் இடையே விழுந்த பள்ளத்தைப் பற்றி எழுதினார். மத்ரஸாக்களில் பகுத்தறிவுக் கல்விகள் தேய்ந்து வருவதையும் கண்டித்தார். நோய் தெரியாமல் சாகவில்லை. மருந்து சீட்டு கையில் இருந்தது.

ஆனால் மருந்தைக் கொடுக்கப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று? புதிய படை அமைக்க நினைத்த சுல்தான் இரண்டாம் உஸ்மானை, 1622இல், 17 வயதில், சொந்தப் படையினரே கொன்றார்கள். புதுமுறைப் படையைத் தொடங்கிய மூன்றாம் ஸலீமை 1807இல் இறக்கினார்கள், 1808இல் கொன்றார்கள். 1826இல் இரண்டாம் மஹ்மூத், ஜானிஸாரிப் படையையே கலைத்தார். தெருவில் ரத்தம் ஓடிய பிறகுதான் அது நடந்தது. 1622க்கும் 1826க்கும் இடையே 204 ஆண்டுகள்! தவறான ஏற்பாட்டினால் பிழைக்கிறவர்கள் பெருகிவிட்டால், திருத்தம் என்பது அவர்களுக்குப் பிழைப்பில் மண். தேய்வின் உண்மையான அடையாளம் இதுதான். தவறு நடப்பது அல்ல. தவறைத் திருத்த முடியாமல் போவது.

எதிரி கடைசியில்தான் வந்தான்

1717இல் பேரரசர் ஃபர்ருக்சியார், ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வங்காளத்தில் ஆங்கிலக் கம்பெனிக்குச் சுங்கமில்லா வணிக உரிமை எழுதிக் கொடுத்தார். 48 ஆண்டு கழித்து, 1765இல், ஷா ஆலம் அதே கம்பெனிக்கு வங்காளத்தின் வரி வசூல் உரிமையையே எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் என்று ஒப்பந்தம். சில ஆண்டுகளில் அதுவும் நின்றது.

நம் வாசலிலேயே ஆற்காடு இருக்கிறது. நவாப் முஹம்மது அலி வாலாஜா, கம்பெனியின் அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். வட்டிக்கு ஈடாக ஊர்களின் வரியை எழுதிக் கொடுத்தார். அந்தக் கடன் ஊழல் 1785இல் லண்டன் பாராளுமன்றத்தையே உலுக்கியது. 1801இல் கர்நாடகத்தின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியிடம் போயிற்று. ஒரு கோட்டையைத் தகர்த்து வாங்கியதல்ல அது; கடனால் ஏற்கெனவே அரித்துப்போன அரசைக் கைப்பற்றியது.

இஸ்தான்பூலிலும் இதே காட்சி. 1854இல் முதல் வெளிநாட்டுக் கடன். 1875இல் கட்ட முடியவில்லை என்ற அறிவிப்பு. 1881இல் கடன் கொடுத்த ஐரோப்பியர்களின் நிர்வாகக் குழு அமைந்து, உப்பு, புகையிலை, பட்டு முதலியவற்றின் வருவாயை நேரடியாக எடுத்துக்கொண்டது. சுல்தானின் பதவி ஒழிந்தது 1922இல். கிலாஃபத் ஒழிக்கப்பட்டது 1924இல். ஆனால் உப்பின் வரி கைவிட்டுப் போனபோதே பாதி சுதந்திரம் போய்விட்டது.

அந்நியர் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. வங்காளத்தைச் சுரண்டியது உண்மை. பஹதூர்ஷாவை ரங்கூனுக்கு நாடு கடத்தியது உண்மை. கொடுமைக்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் பூட்டாத வீட்டில் திருடு போனால், திருடனைச் சபித்துவிட்டு மறுநாளும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதா?

நமக்கு என்ன?

சகோதரர்களே! நம்மிடம் இன்று பேரரசு இல்லை. அது வேண்டும் என்று கேட்பதும் நம் வேலை இல்லை. நம்மிடம் இருப்பவை ஜமாஅத்துகள், மத்ரஸாக்கள், பள்ளிக்கூடங்கள், அமைப்புகள், முன்னோர் விட்டுச் சென்ற வக்ஃபு சொத்துகள். இவற்றில் கணக்கு ஆண்டுதோறும் மக்கள் முன்னால் வாசிக்கப்படுகிறதா? பொறுப்பு தகுதிக்குப் போகிறதா, தகப்பனுக்குப்பின் பிள்ளை என்று போகிறதா? கேள்வி கேட்கிற இளைஞனை உட்கார வைத்துப் பேசுகிறோமா, "சமுதாய ஒற்றுமையைக் கெடுக்கிறாயா?" என்று வாயை அடைக்கிறோமா? வாடகைக்கு விட்ட வக்ஃபுக் கடையின் வாடகை எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா?

கணக்குக் கேட்பது அவமரியாதை அல்ல. கணக்குச் சொல்வது இழிவும் அல்ல. அக்பர் குதிரைக்குச் சூடு போடச் சொன்னபோது பிரபுக்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்ட வரை அரசு நிமிர்ந்து நின்றது. மேடைகளில் பானிப்பட்டையும் மொஹாக்ஸையும் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு 1589ஐயும் 1622ஐயும் ஆற்காட்டுக் கடன் பத்திரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். முதலாவது நம் பிள்ளைகளுக்குப் பெருமை தரும். இரண்டாவதுதான் அவர்களுக்குப் புத்தி தரும்.

இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், உங்கள் மஹல்லாவில் ஒருவராவது எழுந்து நின்று, பணிவோடு, "சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வரலாறு படித்ததன் பயன் அங்கேதான் தொடங்குகிறது.